அத்தாயி வீட்டு ஒறம்பரை

நாமக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே விளம்பரப் பலகையில் கோகிலத்தின் முகம் பத்தடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. மூக்கு மட்டுமே ஒரு முழம் இருக்கும். கீழே சிவப்பு எழுத்தில், ‘வெளிநாட்டு ஆசிரியையிடம் ஆங்கிலம் பேசிப் பழக வாருங்கள்’ என்று எழுதிப் பள்ளியின் பெயரைப் போட்டிருந்தார்கள். ஊரில் வந்து இறங்கிய முதல் நாளே தன் முகத்தைத் தானே அண்ணாந்து பார்க்க நேர்ந்ததில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

பெற்றோர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளிநாடு என்றால் வெள்ளைத் தோலும் பழுப்பு முடியும் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். “இந்தம்மாவா வெளிநாடு? எங்க சித்தியாட்டமல்ல இருக்குது!” என்று ஒரு லாரிக்காரர் தாளாளரிடம் அவள் காதுபடவே சொன்னார். தாளாளர், பள்ளி வாசலிலும் வைத்திருந்த அந்த மூக்கு நீண்ட படத்தையே சுட்டிக் காட்டினார்.

கோகிலம் பிறந்தது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில். நாலு தலைமுறைக்கு முன்னால் கரும்பு வெட்டக் கப்பலேறியவர்களின் வாரிசு. வீட்டில் பேசுவது ஆங்கிலம். கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடந்த வகுப்பில் கற்ற தமிழ் என்பதால், “நான் நலமாக இருக்கிறேன், நீங்கள் உணவு உண்டீர்களா?” என்று கேட்பாள். இங்கே பள்ளியில் பிள்ளைகள் அதைப் பேசிக் காட்டியே மதிய இடைவேளையைக் கழித்தார்கள்.

அவள் பாஸ்போர்ட்டில் ‘கோகிலம் கவுண்டன்’ என்று இருந்தது. வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் அதுவே வினையானது.

“கவுண்டன்னு போட்டிருக்குதுங்களே, எந்தக் கூட்டமுங்க?” என்று வீட்டுக்காரர் காளியப்பன் கேட்டார்.

கூட்டம் என்றால் குலம் என்று, துணைக்கு வந்திருந்த சக ஆசிரியை சத்யபிரியா காதில் ஓதினாள். கோகிலத்துக்குக் குலம் தெரியாது. கப்பலில் அதையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்?

“கூட்டமே தெரியாம ஒரு கவுண்டரா?” என்று காளியப்பன் மனைவி சரிதாவைப் பார்த்தார். சரிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பள்ளித் தாளாளர் சொல்லிவிட்ட ஒரே காரணத்துக்காகச் சாவியைக் கொடுத்தார்கள்.

சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலையைப் பார்த்துப் போகும் சாலையில், பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது அந்த இடம். பெரிய வாசல் ஒன்று. அதைச் சுற்றி மூன்று வீடுகள். நடுவில் காளியப்பனும் சரிதாவும். வலது பக்கத்து வீடு கோகிலத்துக்கு. அதற்கு நேர் எதிரே இடது பக்கத்தில், காளியப்பனின் செத்துப்போன அண்ணனின் மனைவி அத்தாயி தனியாக இருந்தாள். பின்னால் முப்பதாயிரம் கோழி கொண்ட பண்ணை. முதல் வாரம் கோகிலம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டாம் வாரம் நாற்றம் பழகிவிட்டது. மனிதர்கள்தான் பழகவில்லை.

இவ்வளவையும் அவள் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் கெரிஷா. ஒன்பது வயது மகள். விவாகரத்துக்குப் பின் டர்பனில் கோகிலத்துக்கு எந்த வேலையும் ஆறு மாதம் தாண்டவில்லை. இங்கே வேலையும் கொடுத்து மகளையும் படிக்க வைப்பதாகச் சொன்னார்கள். கெரிஷாவை அக்கா சரஸின் வீட்டில் விட்டுவிட்டு, “ஜூன் மாதம் உன்னை அழைத்துக்கொள்வேன்” என்று சொல்லிப் பிப்ரவரியில் விமானம் ஏறியவள் அவள். தினமும் காலண்டரில் ஜூன் எத்தனை தூரம் என்று பார்த்துக்கொண்டுதான் படுப்பாள். மகள் இல்லாத வீட்டில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

ஊர்ப்பழக்கத்தைச் சத்யபிரியாதான் கற்றுக்கொடுத்தாள். முதல் வாரத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்த கோகிலம், புறப்படும்போது “நான் போகிறேன்” என்றாள். சத்யபிரியாவின் அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

“போறேன்னு சொல்லவே கூடாதுங்க மிஸ். திரும்பி வராம ஒரேயடியாப் போறவங்க சொல்ற சொல்லு அது. போயிட்டு வாரேனுங்கன்னு சொல்லோணும். எந்த ஊட்டுக்குப் போனாலும் சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பக் கூடாது” என்றாள் சத்யபிரியா.

கோகிலம் அதை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டாள். மளிகைக் கடையில் சொன்னாள். வங்கியில் சொன்னாள். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதும் சொன்னாள். தன் வாயில் இந்த ஊர் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று உள்ளூரப் பெருமைதான்.

எதிர்வீட்டு அத்தாயியைப் பற்றியும் சத்யபிரியாதான் சொன்னாள். ஐம்பது வயது. பிள்ளை இல்லை. புருஷன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடக்கே போன இடத்தில் இறந்துவிட்டான். எட்டு வருடத்துக்கு முன்னால் காளியப்பன் மகள் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில் கைம்பெண் முன்னால் நிற்க வேண்டாம் என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டார்கள். அன்றோடு அத்தாயி அவர்கள் படியை மிதிக்கவில்லை, அவர்களும் அவள் படியை மிதிக்கவில்லை. பகை முற்றி, ஊரும் அவள் வீட்டுக்குப் போவதை விட்டது.

ஆனாலும் அவள் தினமும் மத்தியானம் அரிசியும் பருப்பும் போட்டு, வரப்போகும் ஆளுக்கும் சேர்த்து ஆக்குவாள். ஆக்கிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, வாசலையே முறைத்துக்கொண்டிருப்பாள். விருந்தாளியை அந்தப் பக்கத்தில் ஒறம்பரை என்பார்கள். ஒறம்பரை யாரும் வராமல், மிச்சச் சோற்றைப் பொழுதோடு நாய்க்குக் கொட்டுவாள்.

கோகிலத்திடம் அவள் பேசிய முதல் வார்த்தையே கடிப்பது போல இருந்தது. “பெத்த புள்ளைய உட்டுட்டு வந்தவதான நீ?”

கோகிலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மகளை விட்டு வரவில்லை, அழைத்துக்கொள்ளப் போகிறேன் என்று செல்போனில் கெரிஷாவின் படத்தைக் காட்டினாள். அத்தாயி அந்தத் திரையை வெகுநேரம் பார்த்தாள். விரலால் தொட்டாள். முகத்தில் இருந்த கடுமை அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

“எப்ப வருது?”

“ஜூன் மாதமுங்க.”

“மொதல்ல என்ற ஊட்டுக்குத்தான் கூட்டியாரோணும். இந்த ஊர்ல மொதச் சோறு எங்கையிலதான் திங்கோணும். வேற யாரு ஊட்டுலயாச்சும் தின்னுச்சு, எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

அன்றிலிருந்து தினமும் அதே கேள்வி. எப்ப வருது, எப்ப வருது. அன்பாகக் கேட்கிற மாதிரி இல்லை, கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கிற மாதிரி இருந்தது. கோகிலத்துக்கு உள்ளூர ஒரு நெருடல். இருந்தாலும் அந்த ஊரில் தன் மகளுக்காகக் காத்திருந்த ஒரே ஆள் அவள்தானே.

மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை அத்தாயி செத்துப்போனாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, அடுப்படியிலேயே சரிந்து கிடந்தாள். மாரடைப்பு என்றார்கள்.

எட்டு வருடமாக எட்டிப் பார்க்காத சனம் வாசல் நிறையக் கூடியது. பந்தல் போட்டார்கள். பறை அடித்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வந்தவர்கள் மாலை போட்டார்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். யாரும் வாங்க என்று கேட்கவில்லை, யாரும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கோகிலம் அதைக் கவனித்தாள். செத்த பிறகும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள ஆள் இல்லையே என்று நினைத்து அழுதாள். அந்தக் கூட்டத்தில் நிஜமாக அழுதது அவள் ஒருத்திதான்.

புறப்படும்போது, அத்தாயியைக் கிடத்தியிருந்த கட்டில் அருகில் போய்க் குனிந்து, இரண்டு கையையும் கூப்பினாள். ஊர் கற்றுக்கொடுத்த மரியாதையோடு, வாய் நிறையச் சொன்னாள்.

“போயிட்டு வாரேனுங்க. ஜூன் மாதம் என் மகளையும் கூட்டிக்கிட்டு வாரேனுங்க.”

பறை நின்றது.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சரிதா எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். “அடிப்பாவி! எழவு ஊட்டுல நின்னுக்கிட்டு என்ன சொல்லு சொல்லிப் போட்ட!”

வெளியே இழுத்து வந்து சத்யபிரியா சொன்னாள். “சாவு ஊட்டுல மட்டும் அப்படிச் சொல்லக் கூடாதுங்க மிஸ். ஒண்ணும் பேசாம எந்திரிச்சு வந்துரோணும். மறுபடி வாரேன்னு சொன்னா, அந்த ஊட்டுல மறுபடி எழவு உழுகும்பாங்க. நீங்க ஊட்டுக்காரங்ககிட்டக்கூடச் சொல்லலை. செத்தவங்ககிட்டயே சொல்லிட்டீங்க. அதும் புள்ளையக் கூட்டிட்டு வாரேன்னு.”

“எனக்கு யாரும் சொல்லவில்லையே” என்றாள் கோகிலம். உண்மைதான், யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் தனியாகச் சொல்வார்கள்? நுணலும் தன் வாயால் கெடும் என்று ஞாயிறு வகுப்பில் படித்திருந்தாள். அது தனக்கான பாடம் என்று அப்போது தெரியவில்லை.

அடக்கம் முடிந்து அத்தாயியின் வீட்டைப் பூட்டினார்கள். பொழுது சாயும்போது சரிதா மட்டும் போய், உள்ளே விளக்கேற்றி வைத்துவிட்டு ஓட்டமாக வருவாள்.

நான்காம் நாள் மத்தியானம், கோடைக்கால அரைநாள் வகுப்பு முடிந்து கோகிலம் வாசலுக்குள் நுழைந்தாள். வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. கோழிப்பண்ணை நாற்றத்தைத் தாண்டி ஒரு வாசனை வந்தது. பூண்டு தட்டிப்போட்டுத் தாளிக்கும் வாசனை. அரிசியும் பருப்பும் சேர்ந்து வேகும் வாசனை.

சரிதாவின் சமையலாக இருக்கும் என்று நினைத்தாள். சரிதாவின் வீடு பூட்டியிருந்தது. அவர்கள் சேலத்துக்குப் போயிருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் கூச்சல். துக்க வீட்டில் பதினாறு நாளைக்குக் கோலம் போடக் கூடாது. அத்தாயி வீட்டு முன்னால் சாணம் தெளித்து, அடைத்துப் பெரிய கோலம் போட்டிருந்தது. ஒறம்பரை வரும் நாளில் போடுகிற கோலம்.

“உன் வேலைதான இது?” என்று சரிதா கத்தினாள்.

“சத்தியமாக நான் இல்லைங்க. எனக்குக் கோலம் போடவே தெரியாது.”

சரிதா தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தாள். மாவு கரைந்தது. மத்தியானம் பார்த்தால் அதே இடத்தில் அதே கோலம், ஈரம் காயாமல் இருந்தது.

ஏழாம் நாள் பண்ணையில் நானூறு கோழிகள் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. வெயிலால்தான் என்றார் மருத்துவர். காளியப்பன் நம்பவில்லை. கோகிலத்தின் கதவைத் தட்டி, நிலைக்கு வெளியிலேயே நின்று பேசினார்.

“ஏனுங்க டீச்சர், உங்க வாயி சும்மா இருந்திருந்தா இதெல்லாம் வந்திருக்குமா? அந்தப் புள்ள இங்க வரக் கூடாது. வந்துச்சுன்னா, அப்புறம் நடக்கறதுக்கு நாங்க பொறுப்பில்லீங்க.”

“என் மகளுக்கு டிக்கெட் எடுத்தாயிற்றுங்க. ஜூன் மூன்றாம் தேதி.”

“அப்ப டிக்கெட்டக் கிழிச்சுப் போடுங்க.”

கோகிலத்துக்குக் கோபம் வந்தது. கூட்டம் தெரியாதவள் என்று ஒதுக்கினீர்கள், இப்போது கோழி செத்ததற்கும் நானா? மூடநம்பிக்கை என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். மகள் வருவதை எவரும் தடுக்க முடியாது என்று முடிவு செய்தாள்.

அந்தத் தைரியம் பதினொன்றாம் நாள் வரைக்கும் இருந்தது.

அன்று மத்தியானம், சூரியன் உச்சியில். கொல்லிமலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மின்சாரம் போய், பண்ணையின் விசிறிகள் நின்றன. கோழிகள்கூடச் சத்தம் காட்டவில்லை. கோகிலம் பையைத் தோளில் மாட்டியபடி வாசலின் நடுவில் வந்தாள்.

அத்தாயி வீட்டுக் கொடியில் துணி காய்ந்தது.

பச்சைப் பட்டுப் பாவாடை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அளவான பாவாடை. அப்போதுதான் அலசிப் போட்டது போல அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. காற்று அசையவில்லை, பாவாடை மட்டும் மெதுவாக அசைந்தது.

கோகிலம் நடக்க மறந்து நின்றாள்.

பூட்டிய கதவுக்குப் பின்னால், நிலையை ஒட்டி, யாரோ மூச்சு விட்டார்கள்.

“வாங்க.”

வறண்ட குரல். பழகிய குரல்.

“வாங்க. புள்ள எங்க?”

கோகிலம் ஓடினாள். தன் வீட்டுக்கு ஓடவில்லை, வந்த வழியே சாலைக்கு ஓடினாள். செருப்பு ஒன்று வாசலிலேயே கிடந்தது. சத்யபிரியா வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. சேர்ந்த பிறகு நிறுத்த முடியவில்லை.

“என் பெண்ணை அவங்க கேக்கறாங்க, சத்யா. நான்தானே வாய் விட்டேன். என் பெண் என்ன பண்ணினாள்?”

சத்யபிரியா அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “பதினாறாம் நாள் கருமாதிங்க மிஸ். அதோட அவங்க போயிரோணும். சொன்ன சொல்லு நின்னா அவங்க போக மாட்டாங்க. அதுக்குள்ள உள்ள போயி, வர மாட்டோம்னு அவங்ககிட்டயே சொல்லிப் போட்டு வந்துருங்க. போறேன்னே சொல்லுங்க. நான் உங்களுக்கு எந்தச் சொல்லச் சொல்லாதீங்கன்னு சொன்னனோ, அதையே சொல்லுங்க.”

அன்று மாலையே கோகிலம் டிக்கெட்டை ரத்து செய்தாள். தாளாளருக்கு விலகல் கடிதம் எழுதினாள். மகள் இங்கே வர வேண்டாம், நான் அங்கே போய்விடுகிறேன். கூலி வேலை என்றாலும் பரவாயில்லை. கெரிஷா இந்த மண்ணை மிதிக்கக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பதினான்காம் நாள் மத்தியானம் சரிதா சாவியைக் கொடுத்தாள். கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போனாள். அவளும் சத்யபிரியாவும் வாசலிலேயே நின்றார்கள். விளக்கு வைக்கப் போகும் சரிதாகூட அன்றைக்குப் படி ஏறவில்லை.

கதவு திறந்ததும் குளிர்ந்தது. வெளியே நாற்பது டிகிரி வெயில், உள்ளே கிணற்றுக்குள் இறங்கியது போல இருந்தது. இருட்டில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பூண்டு வாசனை. அதற்கு அடியில், பதினாலு நாள் ஊறிய சோற்றின் புளித்த வாடை.

கண் பழகியது.

நடுக்கூடத்தில் இரண்டு வாழை இலைகள் போட்டிருந்தன. ஒன்று பெரியது. பக்கத்தில் ஒன்று சிறியது, பிள்ளை இலை. இரண்டிலும் தண்ணீர் தெளித்து, சோறு வைத்திருந்தது.

சோற்றிலிருந்து ஆவி எழுந்தது.

கோகிலத்தின் முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது. உட்கார், உட்கார் என்று யாரோ தோளை அழுத்துவது போல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடுப்படியில் பாத்திரம் உரசும் சத்தம். கரண்டியை எடுக்கும் சத்தம். வெறுங்கால்கள் தரையில் தேய்ந்து வரும் சத்தம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான் தெரியாமச் சொல்லிட்டேனுங்க” என்றாள். குரல் வரவில்லை. மறுபடி சொன்னாள். “தெரியாமச் சொல்லிட்டேனுங்க. என்னை மன்னிச்சிருங்க. என் மகள் வர மாட்டாள். நானும் வர மாட்டேன்.”

காலடிச் சத்தம் நின்றது. மிக அருகில் நின்றது. அவள் முகத்தின் மேல் ஈரமான, சோற்று வாடை அடிக்கும் மூச்சு பட்டது.

“போறேன்” என்றாள் கோகிலம். “நான் போறேன்.”

தரையில் கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது.

பிறகு, பெருமூச்சு விட்டு, அலுத்துப்போன ஒரு பெண் சொல்வது போல ஒரு குரல்.

“செரி.”

மூச்சு விலகியது. கோகிலம் கண்ணைத் திறந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. பெரிய இலை கிடந்தது, அதிலிருந்த சோறு காய்ந்து, கறுத்து, புழு நெளிந்தது. சின்ன இலையைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. சொன்ன சொல் திரும்பிவிட்டது, மகளுக்குப் போட்ட இலையை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். நெஞ்சு லேசானது. திரும்பிப் பார்க்காமல் படி இறங்கி, வெயிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சத்யபிரியா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அன்றும் மறுநாளும் வாசல் சும்மா கிடந்தது. கோலம் இல்லை. வாசனை இல்லை. கொடி வெறும் கயிறாகத் தொங்கியது. கோழிகள் சாகவில்லை. காளியப்பன் முதல் முறையாக அவளைப் பார்த்து, “சாப்பிட்டீங்களா டீச்சர்?” என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து விமானம். பெட்டியெல்லாம் கட்டி வைத்தாயிற்று.

பதினாறாம் நாள் சனிக்கிழமை. கருமாதி. அய்யர் வந்து போனார், வீட்டைக் கழுவி விட்டார்கள், பந்தியில் சனம் உட்கார்ந்து சாப்பிட்டது. எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. கோகிலம் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சரிதா ஒரு தூக்குப்போசியை எடுத்து, அடியில் சோறும் மேலே குழம்பும் நிரப்பி, மூடியை அழுத்தி மூடிக் காளியப்பனிடம் கொடுத்தாள். அவர் அதை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“யாருக்கு அது?” என்று கோகிலம் சத்யபிரியாவைக் கேட்டாள்.

“அவங்க பெரியப்பாருக்குங்க மிஸ். பக்கவாதம், எந்திரிக்க முடியாது. அழைச்ச ஒறம்பரைல யாராச்சும் வர முடியலைன்னா அப்படியே உட்டுற மாட்டாங்க. ஊட்டுக்காரங்களே போசில போட்டுக் கொண்டுபோயி, அவங்க இருக்கற எடத்துல குடுத்துட்டு வருவாங்க. எத்தன தூரம்னாலும் சரி. அது இந்தப் பக்கத்து வழக்கம்.”

சத்யபிரியா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு இலை எடுக்கப் போய்விட்டாள்.

கோகிலம் நாற்காலியை விட்டு எழுந்தாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கூடத்தில் காணாமல் போன சின்ன இலை கண்ணுக்குள் வந்தது. செல்போனை எடுத்தாள். இங்கே பன்னிரண்டரை என்றால் டர்பனில் காலை ஒன்பது. வீடியோ அழைப்பு போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

கெரிஷா எடுத்தாள்.

திரையில் மகளின் முகம் தெரிந்ததும் கோகிலத்துக்கு உயிர் வந்தது. “நாளைக்கு அம்மா கிளம்புகிறேன் கண்ணே” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்கள் பேசுவது எப்போதும் ஆங்கிலம்தான். கெரிஷாவுக்கு வணக்கம் என்ற ஒரு சொல்லைத் தவிரத் தமிழ் தெரியாது.

கெரிஷா தலையாட்டினாள். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தாள். போனைத் தண்ணீர்க் குடுவையில் சாய்த்து வைத்திருக்க வேண்டும். சமையலறை மேசையும் நாற்காலிகளும் பின்னால் உயரமாகத் தெரிந்தன. பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் கீழே உட்கார்ந்திருக்கிறாய்? பெரியம்மா எங்கே?”

“கடைக்குப் போயிருக்கிறார்.”

“என்ன சாப்பிடுகிறாய்?”

“சோறு.” கையால் பிசைந்து ஒரு கவளம் எடுத்தாள். கரண்டி இல்லாமல் சாப்பிடத் தெரியாத பிள்ளை.

“யார் சமைத்தது? கெரிஷா, யார் கொடுத்தது?”

அவள் போனைப் பார்க்கவில்லை. போனுக்கு மேலே, எதிரே நிற்கும் யாரையோ அண்ணாந்து பார்த்தாள். யாரோ பேசுவதைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்தாள். கண் கலங்கியிருந்தது. வயிறு புடைத்து, முட்டி நின்றது.

“கெரிஷா! எழுந்திரு! அதைத் தின்னாதே, வெளியே ஓடு!”

பிள்ளைக்குத் தாயின் குரல் எட்டவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, வேண்டாம் என்று எதிரே கிடந்த சின்ன வாழை இலையின் மேல் குடையாகப் பிடித்தாள்.

“போதுமுங்க” என்றாள். “போதுமுங்க, அம்மா. வவுறு நெம்பிருச்சுங்க.”

மூடிய அந்தக் கைகளின் மேல், ஆவி பறக்க, சோறு வந்து விழுந்தது.